எனக்காக விலை பேச ஓர் ஆள்

மூன்று மாதம் முன்பு கூலி பேசி ஒருவரை வேலைக்கு அமர்த்தினேன். சமையலுக்கா? கார் ஓட்டவா? இல்லை. எனக்குப் பதிலாகப் போய் ஒரு கட்டடம் வாங்கித் தருவதற்கு!

சிரிக்காதீர்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு நான் பேரம் பேசும் லட்சணம் தெரியும். புடவைக் கடையில் விலை சொன்னால் 'அவ்வளவுதானா?' என்று கேட்டு வைக்கிற ஜென்மம் நான். என் வீட்டுக்காரர் எனக்கும் மேலே... கடைக்காரரிடம் முதலில் பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். காலேஜ் ஃபீஸ் கதையைக் கேட்டுவிட்டு விலையைக் குறைக்கச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

இந்த நிலையில் எங்கள் ஃபிக்சட் டெபாசிட் முதிர்ந்தது. "அதைத் தூங்க விடாதீங்கம்மா. வாடகை வர்ற மாதிரி ஒரு ப்ராப்பர்ட்டி வாங்கிப் போடுங்க" என்றான் பெங்களூரில் இருக்கும் மகன். சென்னையில் அந்தப் பணத்துக்குக் கார் நிறுத்த இடம் கிடைக்கும். போடிநாயக்கனூரில் கடையோடு கட்டடமே கிடைக்கும். நான் பிறந்தது பக்கத்திலிருக்கும் சிலமலையில். இப்போது சென்னையிலிருந்து போடிக்கு நேராக ரயிலும் விட்டுவிட்டார்கள். ஏறிப் படுத்தால் காலையில் இறங்கிவிடலாம். பிறகென்ன?

ஒரே ஒரு சிக்கல். 'மெட்ராஸ் பார்ட்டி' என்று தெரிந்தாலே அங்கே விலை ஏறிவிடும். சும்மாவே ஏமாறுகிறவள், சென்னைக்காரி என்ற பட்டத்தோடு போனால் என்ன ஆவது? சிலமலையில் இருக்கும் சித்தப்பா மகனிடம் புலம்பினேன். அவன்தான் தங்கமாயன் அண்ணனின் நம்பரைக் கொடுத்தான்.

தங்கமாயன் அண்ணனுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். முப்பது வருஷம் ஏலக்காய் ஏலத்தில் உட்கார்ந்தவர். வடநாட்டு வியாபாரிகள் எல்லா ஏலத்துக்கும் நேரில் வர முடியுமா? அவர்கள் சார்பில் இவர் சாம்பிள் காயை நகத்தால் கீறி, விதையின் கறுப்பைப் பார்த்து, விலை கேட்டு, லாட் லாட்டாக வாங்கி அனுப்புவார். யாருக்காக வாங்குகிறார் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கும் தெரியாது. ஏலம் கம்ப்யூட்டருக்கு மாறிய பிறகு, "பட்டனை அமுக்குறதெல்லாம் ஒரு சோலியா?" என்று எழுந்து வந்துவிட்டாராம். இப்போது காய்க்குப் பதில் கட்டடம். துபாயிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்காக இடம் பார்த்து, விலை பேசி, முடித்துக் கொடுக்கிறார்.

முதல் போனிலேயே கறாராகச் சொல்லிவிட்டார்.

"விக்கிறவங்ககிட்ட நான் ஒத்தப் பைசா வாங்க மாட்டேம்மா. அவங்க வீட்டுல டீ கூடக் குடிக்க மாட்டேன். என் கூலி உங்ககிட்ட மட்டுந்தான். யாருக்கு வாங்குறேன்னு வெளிய மூச்சு விட மாட்டேன், நீங்களும் விடக்கூடாது. இன்னொண்ணு... பத்திரம் பதியுற வரைக்கும் நீங்க போடிப் பக்கமே வரக்கூடாது."

"இடத்தை நான் பார்க்க வேண்டாமாண்ணே?"

"பாத்தா ஆசை வந்துரும். ஆசை வந்தா மூஞ்சில தெரிஞ்சுரும். மூஞ்சில தெரிஞ்சா வெலை ஏறிரும்."

எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.

வேலையைத் தொடங்கினார். ராசிங்காபுரத்தில் ஒரு தென்னந்தோப்பு பார்த்தார். "அண்ணந்தம்பி நாலு பேரு. மூணு பேரு கையெழுத்துப் போடுவாக. நாலாவது ஆளு பத்து வருசமா இவுகளோட பேச்சுவார்த்தையே இல்ல. வேணாம்." பொட்டிபுரத்துப் பக்கம் ஒரு பிளாட். "மலையடிவாரம், பாக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மழை பெஞ்சா ஓடை இதுவழியாத்தான் வரும். ஓடைக்குப் பத்திரமெல்லாம் படிக்கத் தெரியாதும்மா." இப்படியே ஏழெட்டு இடங்களைத் தள்ளினார். சாம்பிள் காயைக் கீறிப் பார்க்கிற அதே கைதானே!

கடைசியில் ஒன்று மாட்டியது. போடியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இரண்டு கடைகள் கொண்ட ஓட்டுக் கட்டடம். ஒரு கடை காலி. இன்னொன்றில் டீக்கடை. ஓனர் மலை மேலே பூப்பாறையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் குரியாச்சன் என்பவர். கோடையில் செடிகள் காய்ந்துபோனதால் புதுக் கன்று வைக்க அவருக்கு அவசரமாகப் பணம் தேவை. அண்ணன் பேசிப் பேசி நாலு லட்சம் குறைத்திருந்தார்.

"வியாழக்கெழமை அட்வான்ஸ் குடுத்துரலாம்மா. டீக்கடைக்காரங்க பழைய வாடகையில இருக்காங்க. காலி பண்ணச் சொல்லிட்டு ரெண்டையும் சேத்து பேக்கரிக்கு விட்டா மூணு மடங்கு வரும். அது உங்க இஷ்டம்."

"சரிண்ணே, அப்படியே செஞ்சுடலாம்" என்றேன். எவ்வளவு லேசாகச் சொன்னேன் தெரியுமா? தோசையா இட்லியா என்று கேட்டால் தோசை என்று சொல்வதுபோல. மகனுக்கும் ஏக சந்தோஷம். அந்தக் காலி பண்ணப்போகிற டீக்கடையில் யார் இருக்கிறார்கள் என்று நாங்கள் யாருமே கேட்கவில்லை.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் பணம், என் கட்டடம்... ஒரு தடவை கண்ணால் பார்த்தால் என்ன? முகத்தில் தெரிந்துவிடும் என்பதுதானே அண்ணனின் பயம்? மாஸ்க் போட்டுக்கொண்டால்?

திங்கள் இரவு ரயில் ஏறிவிட்டேன்.

போடியில் இறங்கி, மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, நேராக 'என்' கட்டடத்துக்குப் போனேன். எதிரே நின்று நாலு பக்கமும் பார்த்தேன். அண்ணன் சொன்னது சரி. பார்த்த மாத்திரத்தில் ஆசை வந்துவிட்டது. பழைய ஓடு, அகலமான படி, பின்னால் மலை. அதோடு டீக்கடையிலிருந்து வந்த ஏலக்காய் வாசனை வேறு. உள்ளே போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னேன். மாஸ்க் போட்டுக்கொண்டு டீ குடிப்பது எப்படி என்று யோசிக்காதது என் தப்புதான். கழற்றினேன்.

டீ போட்டவர் பேச்சி. நாற்பத்தைந்து வயதிருக்கலாம். ஒரு கை டீயைக் கலக்க, இன்னொரு கை வடையைப் பேப்பரில் சுருட்ட, வாய் மட்டும் என்னோடு இருந்தது.

"டீ எப்படிக்கா?"

"பிரமாதம்."

"குடிச்சுக்கங்க. இன்னும் எத்தன நாளைக்கோ... கடைய விக்கிறாக. எவனோ மெட்ராஸ் பார்ட்டியாத்தான் இருக்கும்னு பேசிக்கிறாக."

டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மூஞ்சியக் காட்டவே தைரியமில்லாத பய! தங்கமாயண்ணன முன்ன விட்டுட்டு பின்னால ஒளிஞ்சுக்கெடக்கான். பதினெட்டு வருசமாக் கடை நடத்துறவள எந்திரிச்சுப் போன்னு சொல்ல அவன் யாரு? அவன் வீட்டு அடுப்புல பூனை தூங்க! அவன் எண்ணி வச்சிருக்க காச கரையான் அரிக்க!"

நல்லவேளை, என்னை ஆணாக்கித் திட்டினார். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து வேறு யாரையோ திட்டுவதுபோல் கேட்க முடிந்தது. ஆனால் அந்தத் திட்டில் ஒரு வார்த்தை கூட வீண் இல்லை என்று உள்ளே உறைத்தது. "இன்னொரு டீ" என்றேன்.

இரண்டாவது டீயோடு மீதிக் கதையும் வந்தது. விடிகாலை நாலு மணிக்கு எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் கிளம்பும். காயெடுக்கப் போகும் பெண்கள் குடிக்கும் முதல் டீ இந்தக் கடையில்தான். பேச்சியின் வீட்டுக்காரரும் ஒரு ஜீப் ஓட்டுகிறார். இந்த இடத்தை விட்டால் அந்தக் கூட்டம் வேறு தெருவுக்குத் தேடி வராது. ஒரு மாதத்தில் வியாபாரம் படுத்துவிடும்.

"நீங்களே வாங்கிடலாமே பேச்சி?"

"ஆசையில்லாமயாக்கா? மகளிர் குழுவுல லோன் சொல்லி வச்சிருக்கேன். நகை இருக்கு. எங்க வீட்டுக்காரரு சீட்டு எடுத்திருக்காரு. எல்லாத்தையும் கூட்டினாலும் அந்த மெட்ராஸ்காரன் சொன்ன விலைக்கு மூணு லச்சம் எட்டல."

"ஓனர்கிட்ட கேட்டீங்களா?"

"பயமா இருக்குக்கா. இவளுக்கு ஏது இம்புட்டுக் காசுன்னு வாடகைய ஏத்திப்புட்டா? தங்கமாயண்ணன்கிட்டப் போயி, எனக்காகப் பேசி வாங்கிக் குடுங்கண்ணேன்னு அழுதேன். ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேன் தாயி, இந்த லாட்டுல ஒனக்குப் பேச முடியாதுன்னுட்டாரு. அவரு கண்ணும் கலங்கித்தான் போச்சு."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே மனுஷன்! இப்படி ஒரு விசுவாசத்தை வேலைக்கு அமர்த்திவிட்டு, நான் அதை எதற்குப் பயன்படுத்திக்கொண்டிருக்கிறேன்? உடனே தியாகியாகிவிட்டேன் என்று நினைக்காதீர்கள். 'வாங்கிட்டு இவங்களையே வாடகைக்கு வெச்சுக்கலாமே' என்று ஒரு பக்கம் மனசு கணக்குப் போட்டது. 'பேக்கரிக்குச் சரி சொன்னவள் நீதானே? நாளைக்கு மகன் கேட்டால் மறுபடியும் சரி சொல்ல மாட்டாயா?' என்றது இன்னொரு பக்கம். என்னை எனக்குத் தெரியும். சொல்வேன்.

விசாரித்துக்கொண்டு தங்கமாயன் அண்ணன் வீட்டுக்குப் போனேன். யார் என்று சொன்னதும் அவருக்கு வந்த கோபம்...!

"வராதீங்கன்னு சொன்னேனா இல்லையா? சிலமலையில பெறந்த பிள்ளைக்கு இது கூடவா வெளங்கல?"

"அண்ணே, அந்தக் கட்டடம் எனக்கு வேண்டாம். பேச்சிக்குப் பேசி முடிச்சுக் குடுங்க."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நான் பார்த்தேன். ஆனால் தலையை ஆட்டிவிட்டார்.

"உங்களுக்காக ஒரு வெலைய என் வாயால சொல்லிட்டேன். அதே லாட்டுக்கு அதே ஆளு இன்னொருத்தருக்காக அதுக்குக் கீழ கேக்கக் கூடாதும்மா. முப்பது வருசத்துல ஒரு தடவ செஞ்சதில்ல."

"அப்போ யார் பேசுறது?"

அவர் என்னைப் பார்த்தார். நான் எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை!

"நானா? அண்ணே, எனக்குப் பேரம் பேசத் தெரியாதுன்னுதானே உங்களையே வெச்சேன்!"

"ஒங்களுக்குன்னு பேசத் தெரியாது. அடுத்தவங்களுக்குன்னா வரும். போயிப் பாருங்க. குறை சொல்லுங்க, டீ குடிக்காதீங்க, வெரசா முடிச்சுட்டு எந்திரிங்க."

அவரே என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், "பேச்சி, இந்தம்மா ஒனக்காகப் பேசுவாங்க" என்றார். நான் யார் என்று அவர் சொல்லவில்லை. அது அவர் தொழில் தர்மம். நானும் சொல்லவில்லை. அது வெறும் பயம்.

மறுநாள் காலை பேச்சியின் வீட்டுக்காரர் ஜீப்பை எடுத்தார். போடிமெட்டு வளைவுகளில் ஏறும்போது பேச்சி எல்லா சாமிகளையும் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். நான் தனியாக மனசுக்குள் குறைகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

குரியாச்சன் காய் உலர்த்தும் ஸ்டோரில் இருந்தார். லுங்கி, கண்ணாடி, நல்ல சிரிப்பு.

"இரிக்கு சேச்சி. சாயா எடுக்கட்டே?"

"வேண்டாங்க" என்றேன். வாழ்க்கையில் நான் வேண்டாம் என்ற முதல் டீ அதுதான். அந்த ஒரு வார்த்தையிலேயே எனக்குத் தெம்பு வந்துவிட்டது.

விஷயத்தைச் சொன்னேன். "பேச்சியோ? என்கிட்ட ஒரு வார்த்த பறஞ்சில்லல்லோ!" என்று அவர் ஆச்சரியப்பட்டார். அந்த ஆச்சரியம் அடங்குவதற்குள் ஆரம்பித்தேன்.

"பின்சுவர் பூராவும் விரிசல்."

"இல்லக்கா! அத நாந்தான் போன பொங்கலுக்குப் பூசிட்டேனே" என்றார் பேச்சி.

"ஓடு ஒழுகுது."

"ஒத்தச் சொட்டு ஒழுகாதுக்கா! எங்க வீட்டுக்காரரு ஏறி மாத்திட்டாருல்ல!"

பாருங்கள்... வாங்கப்போகிறவர் அவர், குறை சொன்னால் அவருக்கே பொறுக்கவில்லை. தன் பிள்ளையை யாரோ கறுப்பு என்று சொன்னதுபோல் கோபம். அவர் காலை மெதுவாக மிதித்தேன். "நீ சும்மா இரு பேச்சி" என்று அதட்டிவிட்டு, குரியாச்சன் பக்கம் திரும்பினேன்.

"கேட்டீங்கல்ல? சுவரைப் பூசினது இவங்க. ஓட்டை மாத்தினது இவங்க. பதினெட்டு வருஷமா உங்க கட்டடத்தை நிக்க வெச்சது யாரு? நீங்களா, இவங்களா?"

குரியாச்சன் தலையைச் சொறிந்தார். யார் பேசுகிறது? நானா? எனக்கே நம்ப முடியவில்லை. அடுத்த கேள்வி தானாக வந்தது.

"பேச்சி, கடை அட்வான்ஸ் எவ்வளவு குடுத்திருக்கே?"

"அப்பப்ப ஏத்தி ஏத்தி... ஒரு லச்சம். அது வேற கணக்குல்லக்கா?"

"கடையே உன்னுது ஆயிட்டா அட்வான்ஸ் யார்கிட்ட இருக்கணும்?"

அதை விலையில் கழித்துக்கொள்ள குரியாச்சன் தலையாட்ட, மூன்று லட்சத்தில் ஒன்று அங்கேயே தீர்ந்தது. மீதி இரண்டு லட்சம். அப்போதுதான் குரியாச்சன் தன் துருப்புச் சீட்டை இறக்கினார்.

"சேச்சி, ஞான் சொல்லட்டே. தங்கமாயன் வேற ஒரு பார்ட்டிக்கு வேண்டி பேசிருக்கான், பேர் சொல்லல; மெட்ராஸ்காரர்னு ஊர்ல பேச்சு. நாளைக்கு அட்வான்ஸ். அவர் இதவிடக் கூடுதல் தருவார். பின்ன ஞான் எந்தினா கொறைக்கணும்?"

பேச்சியின் முகம் விழுந்துவிட்டது. அதைப் பார்த்ததும் என் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியாது.

"அந்த மெட்ராஸ் பார்ட்டி நான்தான். எனக்கு வேண்டாம்."

பேச்சி என்னைப் பார்க்கிறார். நான் தரையைப் பார்க்கிறேன். குரியாச்சன் நம்பாமல் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். தங்கமாயன் அண்ணனின் குரல் மலை முழுக்கக் கேட்டது. "ஆமா மொதலாளி, அவுகதான். வரக்கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். வந்துட்டாக!"

குரியாச்சன் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஈ சேச்சி ஆளு கொள்ளாமல்லோ!" பலே ஆள் என்று எனக்குப் பாராட்டு. "செரி பேச்சியம்மே, ஒன்னரை கொறைக்காம்."

"ரெண்டு" என்றேன்.

"ரெண்டு" என்றார்.

ஜீப்பில் மலை இறங்கினோம். ஒரு வளைவு, இரண்டு வளைவு... பாதி மலை இறங்கியதும் பேச்சி தன் வீட்டுக்காரரை வண்டியை நிறுத்தச் சொன்னார். இங்கேயே என்னை இறக்கி விட்டுவிடுவாரோ?

"ஏன்க்கா... அம்புட்டுத் திட்டையும் கேட்டுக்கிட்டா ரெண்டாவது டீ சொன்னீங்க?"

"டீ நல்லா இருந்தது பேச்சி."

அவ்வளவுதான். சிரிப்பு பீறிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, நடுவில் கொஞ்சம் அழுது, மறுபடி சிரித்தார். "அப்ப அந்த அடுப்புல தூங்குற பூனை?" என்றார் அவர் வீட்டுக்காரர், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடியே. "அத எழுப்பி வெரட்டியாச்சு!" என்றார் பேச்சி. அந்த மலைச்சரிவில் நாங்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு வலிக்கிறது.

மூன்று வாரம் கழித்துப் பத்திரப் பதிவு. நானும் போனேன். இந்த முறை மாஸ்க் இல்லாமல். போட்டோ எடுக்கும்போது பேச்சி, "சிரிக்கலாமா சார்?" என்று கேட்டார். "சீக்கிரம் சிரிங்கம்மா" என்றார் கேமராவுக்குப் பின்னால் இருந்தவர். பட்டா, பத்திரம் எல்லாம் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு பத்திரத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை. எனக்குச் சொந்தமில்லாத ஒரு கட்டடத்துக்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டேன்.

தங்கமாயன் அண்ணன் கூலி வாங்க மறுத்துவிட்டார். வாங்கித் தராததற்குக் கூலி கிடையாதாம். வெளியே வேப்பமர நிழலில் நின்றபடி, அவரிடம் அந்தச் சந்தேகத்தைக் கேட்டேன். எனக்கு எப்படிப் பேச வந்தது?

"நான் ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுக்குறேன்ல? என் வீட்ட நான் எப்படி வாங்குனேன் தெரியுமா? கெணத்தடியில ஒரு மல்லிக் கொடி. எம்பொண்டாட்டி அதையே பாத்துக்கிட்டு நின்னா. வித்தவன் சொன்ன வெலைய அப்படியே எடுத்துக் குடுத்துட்டு வந்தேன். வாயே வரலம்மா."

நமக்கென்று கேட்கும்போது ஆசை தொண்டையை அடைத்துக்கொள்கிறது. இன்னொருவருக்காகக் கேட்கும்போது நியாயம் மட்டும்தான் வாயில் நிற்கிறது. ஆஸ்பத்திரியில், ஸ்கூலில், ஆபீசில்... தனக்காக ஒரு நாற்காலி கூடக் கேட்காதவர்கள், பக்கத்தில் நிற்பவருக்காகச் சண்டைக்கே போவதை நாம் பார்த்ததில்லையா? ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றிப் பேசிக்கொண்டால் பாதிக் காரியங்கள் சுலபமாக முடிந்துவிடும் என்று தோன்றுகிறது.

டெபாசிட் இன்னும் பேங்கில்தான் தூங்குகிறது. மகன் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டான்.

ஆனால் எனக்குப் போடியில் ஒரு புது ஆசை. பேச்சியின் கடைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கும் அறை ஒன்று இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் எதிரே மலை. மாதத்தில் பத்து நாள் அங்கே உட்கார்ந்து எழுதினால் எப்படி இருக்கும்? வாடகைக்குக் கேட்டேன். பேச்சி ஒரு தொகை சொன்னார். எனக்கு வழக்கம்போல வாய் அடைத்துப்போனது. சரி, இருக்கவே இருக்கிறார் என்று தங்கமாயன் அண்ணனைக் கூலி பேசி அனுப்பினேன்.

நேற்று போன் செய்தார்.

"பேச்சி ஒத்தப் பைசா எறங்க மாட்டேங்குதும்மா. ஓனராயிருச்சுல்ல!"